சோற்றில் இல்லாத ஒன்று

வந்தவர் உட்கார மறுத்தார். நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அது யாரோ ஒருவரின் கழுத்து என்று நினைத்தவர் போல நெரித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு நியாயமெல்லாம் வேணாம்மா. அந்தச் சமையல்காரி என் தங்கச்சிக்கு எந்த விஷத்தைப் போட்டான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி குற்றப் புலனாய்வில் நெடுங்காலம் வேலை பார்த்து, மேலதிகாரி ஒருவரோடு மோதிக்கொண்டு வேலையை உதறிவிட்டு வந்தவர். அங்கே அவருக்கு வைத்த பட்டப்பெயர் நிதானம். வேலை போன பிறகும் பட்டப்பெயர் போகவில்லை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், நிதானத்துக்கு இறங்கும்.

"முதல்ல உட்காருங்க," என்றார் தாழ்ந்த குரலில். "லாரி ஓட்டறவர் நீங்க. நின்னுக்கிட்டே இருந்து பழக்கம் இருக்காது."

ஜன்னலோரம் இருந்த நிதானத்தின் கொழுந்தன் சட்டென்று ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அவருக்குக் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு மருந்துக்கடை உண்டு. அதை மனைவியின் தலையில் கட்டிவிட்டு அண்ணியின் பின்னால் அலைவதுதான் அவருடைய உண்மையான தொழில் என்று வீட்டில் பேச்சு.

லாரிக்காரர் தண்ணீரைக் குடித்தார். பிறகுதான் பேச்சு ஒழுங்காக வந்தது.

அவருடைய தங்கை ஒரு துணி ஆலையில் தறி ஓட்டினாள். ஆலைக்குச் சொந்தமான விடுதியிலேயே தங்கல், அங்கேயே சாப்பாடு. வாய் அதிகம் என்பதால் கூட வேலை செய்த பெண்கள் அவளுக்கு வாயாடி என்றே பெயர் வைத்திருந்தார்கள். சில மாதங்களுக்கு முன் போனில், பாதம் எரிகிறது என்றாள். பிறகு கால் மரத்துப் போகிறது, செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை என்றாள். பிறகு படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். விடுதியில் இன்னும் பல பெண்களுக்கு அப்படியே. கடைசியில் ஒருநாள் தறியருகே சுருண்டு விழுந்தாள். ஆலை மருத்துவர் விடுதியின் நோயாளிக் கூடத்தில் படுக்கவைத்துப் பாட்டில் ஏற்றினார். அன்று மாலையே மூச்சுத் திணறிப் போய்விட்டாள்.

"சாப்பாட்டுல விஷம் கலந்திருக்கும்னு டாக்டரே போலீஸ்ல சொன்னாரு. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி என் தங்கச்சிக்கும் அந்தச் சமையல்காரிக்கும் பெரிய சண்டை. எல்லாரும் பாக்க என் தங்கச்சி சோத்துத் தட்டை வீசி அடிச்சிருக்கா. 'தின்னு சாவுடி'ன்னு அந்தப் பொம்பளை கத்தியிருக்கா. மேனேஜரே காதால கேட்டதா வாக்குமூலம் குடுத்திருக்காரு. பிடிச்சு உள்ள வெச்சாங்க. இப்ப என்னடான்னா, அரிசியைச் சோதிச்சோம், விஷம் இல்ல, உடம்பை அறுத்துப் பாத்தோம், விஷம் இல்லன்னு ஜாமீன்ல விட்டுட்டாங்க. ஒண்ணுமே இல்லாமலா ஒருத்தி சாவா?"

"உடம்புல வேற என்ன இருந்துச்சுன்னு சொன்னாங்க?"

"இதயம் பெருசாகி இருந்துச்சாம். கால்ல நீர் கோத்திருந்துச்சாம். சின்னப் பொண்ணும்மா அவ. மூட்டையைத் தனியாத் தூக்குவா."

கொழுந்தன் தாங்கமாட்டாமல் குறுக்கே வந்தார். "அண்ணி, சில விஷம் சோதனையில அகப்படாது. கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா நரம்பைத்தான் முதல்ல பிடிக்கும். பாத எரிச்சல், மரத்துப் போறது, எல்லாம் பொருந்துது. கடைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினா..."

"புரட்டலாம் தம்பி. முதல்ல சமைச்சவங்களைப் பாப்போம்."

*

சமையல்காரம்மாவின் வீடு ஒரே அறை. ஜன்னல் கண்ணாடியை யாரோ கல்லால் அடித்து உடைத்திருந்தார்கள். கதவில் கரியால் "கொலைகாரி" என்று எழுதி, அதை அழித்த தடமும் இருந்தது. லாரிக்காரரைத் தெருமுனையில் வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

"வாங்க. நீங்களும் கேளுங்க," என்றாள் அவள். பயம் முகத்தில் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. "என்ன விஷம், எவ்வளவு, எந்தக் கரண்டியால கலக்கின? ஊரே கேட்டாச்சு."

"நான் அரிசியைப் பத்திக் கேக்க வந்தேன்," என்றார் நிதானம்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு கொட்டத் தொடங்கினாள். முன்பெல்லாம் விடுதிக்குப் புழுங்கல் அரிசி வரும். பருப்பு, பயறு, கீரை, முட்டை எல்லாம் வரும். புது மேலாளர் வந்தார். முட்டை நின்றது. பருப்பு நின்றது. காய்கறி நின்றது. அரிசியும் மாறியது.

"பளபளன்னு, பல் மாதிரி வெள்ளை. வர்ற விருந்தாளிங்க பாத்தா நல்லாயிருக்கணுமாம். எத்தனை மாசம் மூட்டை கிடந்தாலும் ஒரு வண்டு எட்டிப் பாக்காது. தூசு போகத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவணும், சோறு ஒட்டாம வரணும், கஞ்சியை வடிச்சுச் சாக்கடையில ஊத்தணும். குழம்புன்னு பேருக்குத்தான், மிளகாய்ப்பொடி போட்ட வெந்நீர். தூங்கி விழக் கூடாதுன்னு பால் இல்லாத கட்டந்தேத்தண்ணி மட்டும் கேட்டப்பல்லாம் குடுக்கச் சொன்னாங்க."

"நீங்களும் அதையேதான் சாப்பிட்டீங்களா?"

"மதியம் மட்டும். மத்த வேளை வீட்டுல. வீட்டுல எங்களுக்குப் புழுங்கல்தான், கூடவே ஏதாவது பயறு."

"சண்டை அன்னிக்கு அந்தப் பொண்ணைப் பாத்து என்ன சொன்னீங்க?"

"மறைக்கமாட்டேன். 'இந்தச் சோத்தைத் தின்னா சாவுடி'ன்னு சொன்னேன்."

கொழுந்தன் அண்ணியின் பக்கம் புருவத்தை உயர்த்தினார். அவளே ஒப்புக்கொண்டுவிட்டாளே! நிதானமோ, "இன்னொரு தரம் சொல்லுங்க," என்றார். அவள் சொன்னாள். நிதானம் தலையாட்டிவிட்டு எழுந்தார்.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் பொரிந்தார். "என்ன அண்ணி, கேஸ் முடிஞ்சுதே?"

"உங்க காது நல்லாத்தானே கேக்குது தம்பி?" என்றார் அவர்.

*

விடுதி ஆலையின் பின்புறச் சுவரை ஒட்டியிருந்தது. தறிகளின் இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து தரையையே அதிரவைத்தது. அங்கே எல்லாரும் எல்லாரிடமும் கத்தித்தான் பேசினார்கள். வாசலில் வந்து நின்ற கண்காணிப்பாளர் அம்மாள் மேலாளருக்குச் சித்தப்பா மகள். அதை அவள் முதல் வாக்கியத்திலேயே தெரியப்படுத்தினாள்.

"அந்தப் பாவி 'தின்னு சாவுடி'ன்னு சொன்னதை நானும்தான் சொன்னேன் போலீஸ்ல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"நான் ஆபீஸ் ரூம்ல, அண்ணன்கூட. கண்ணாடி வழியாப் பாத்தோம்."

நிதானம் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டுக் கூடத்துக்கும் அலுவலக அறைக்கும் நடுவே ஒரு முற்றம். அறையின் கண்ணாடி தடித்தது. தறி இரைச்சல் உள்ளே வராதபடி ஓரமெல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருந்தது.

"யார் யாருக்கு உடம்புக்கு வந்துச்சு?"

விடுதியில் தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, என்றாள் கண்காணிப்பாளர். வீட்டிலிருந்து வந்து போகிற பெண்களும் மதியச் சாப்பாட்டை இங்கே இதே அண்டாவிலிருந்துதான் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடுதிப் பெண்களில் தப்பியவள் ஒருத்திதான், வாயாடியின் பக்கத்துக் கட்டில்காரி. வாய் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். அம்மா அனுப்புகிற நிலக்கடலை மூட்டை கட்டிலுக்கடியில் இருக்கும். கடலைக்காரி என்று பெயர். அவள் சமையல்காரியின் கூட்டாளியாக இருப்பாள் என்று போலீசார் அவளையும் துருவி எடுத்திருந்தார்கள்.

"உங்களுக்கு?" என்றார் நிதானம்.

"எனக்கும்தான் விஷம் வெச்சா! வாயாடி சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே. கால் ரெண்டும் யாரோடதோ மாதிரி இருந்துச்சு. டாக்டர் தம்பி வந்து முட்டிக்குக் கீழ சின்னச் சுத்தியலால தட்டிப் பாத்தார். குத்த வெச்சு உட்கார்ந்து எழுந்திருங்கன்னார். எங்க எழறது? அப்புறம் ஊசி போட்டார். ஒண்ணுக்கு மஞ்சளாப் போகும், பயப்படாதீங்கன்னும் சொன்னார். மறுநாளே எழுந்து நடந்தேன். அதுக்கப்புறம் அண்ணன் வீட்டுலேருந்துதான் சாப்பாடு வருது."

கொழுந்தனின் முகத்தில் ஏதோ ஓடியது. ஆனால் அதை வார்த்தையாக்குவதற்குள் கண்காணிப்பாளர், "இதைப் பாருங்க, இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று அவர்களைச் சமையலறையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே கம்பிக்கூண்டில் அவள் வளர்த்த கோழிகள். மிச்சச் சோறு தவிர வேறு எதையும் அவை கண்டதில்லை. சில செத்துவிட்டன. மிஞ்சிய இரண்டும் கால் மடங்கிக் கிடந்தன. கழுத்து முதுகின் மேல் வளைந்து, அலகு வானத்தைப் பார்த்தது. கூண்டுக்கு வெளியே, அக்கம்பக்கத்துக் கோழிகள் அதே மிச்சச் சோற்றைக் கொத்திவிட்டு, குப்பையைக் கிளறி, புல்லையும் புழுவையும் தின்றுகொண்டு திரிந்தன. அவை சண்டைபோடும் அளவுக்குத் தெம்பாக இருந்தன.

நிதானம் கூண்டுக்கு முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, ஒரே சோறு. உள்ள இருக்கறது சாகுது, வெளிய இருக்கறது வாழுது. விஷம் கம்பியை அடையாளம் பாத்தா கொல்லும்?"

"அண்ணி..." கொழுந்தன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முட்டியில தட்டறது, குத்த வெச்சு எழச் சொல்றது, மஞ்சளாப் போற ஊசி... அது பி வைட்டமின் ஊசி. இது விஷமே இல்ல அண்ணி. நான் முட்டாள். புத்தகத்துல வேற பக்கத்தைப் பாத்துட்டு இருந்திருக்கேன்."

"நோயாளிங்களுக்கு இங்க என்ன ஏத்தறாங்க?" என்று நிதானம் கண்காணிப்பாளரிடம் கேட்டார்.

"குளுக்கோஸ்தான். தெம்புக்கு."

கொழுந்தன் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார்.

*

நோயாளிக் கூடத்தில் நெருக்கிப் போட்ட கட்டில்கள். வீங்கிய கால்களைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு பெண்கள் கிடந்தார்கள். ஒருத்திக்கு மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. அவளுடைய கையில் ஊசியைச் செருகி முடித்து, ஆலை மருத்துவர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். படித்த, மென்மையான முகம்.

"நிறுத்துங்க! அதை ஏத்தாதீங்க!"

"யார் நீங்க?"

பின்னால் வந்த நிதானம் நேராகப் போய்க் குழாயை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க டாக்டரா?" என்று மருத்துவர் சீறினார்.

"இல்ல. அதனாலதான் ஒரு டாக்டர்கிட்ட இவங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

சத்தம் கேட்டு, வெளியே காத்திருந்த லாரிக்காரர் உள்ளே வந்துவிட்டார். மருத்துவரையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். நிதானத்தின் குரல் இப்போது அவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. "கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க. உங்க தங்கச்சிக்கு ஏத்தினது இதேதான். வண்டியை வாசலுக்குக் கொண்டாங்க."

அவர் வண்டியை எடுக்க ஓடினார். படுக்கைகளை அப்படியே சுருட்டி லாரியில் விரித்தார்கள். நடக்க முடிந்தவர்களைக் கடலைக்காரி தோளில் தாங்கி அழைத்து வந்தாள். முடியாதவர்களை லாரிக்காரர் தூக்கினார். மூச்சு வாங்கியவளைத் தூக்கும்போது மட்டும் அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தங்கையின் வயது. வாயிற்காவலர் கதவைத் திறக்கத் தயங்கினார். லாரிக்காரர் இயந்திரத்தை ஓர் உறுமு உறுமவிட்டார். கதவு திறந்தது.

கொழுந்தன் கோழிகளையும் ஒரு கூடையில் எடுத்து வந்திருந்தார்.

அரசு மருத்துவமனையின் பெண் மருத்துவர் முதல் நோயாளியின் முழங்காலில் தட்டிப் பார்த்த உடனே நிமிர்ந்தார். "என்ன சாப்பாடு போட்டாங்க இவங்களுக்கு?" என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு, செவிலியிடம் பி-ஒன் வைட்டமின் ஊசியை எடுத்துவரச் சொன்னார். அடுத்த நாள் அந்த மூச்சு வாங்கியவள் எழுந்து உட்கார்ந்து, தலை வாரச் சீப்பு கேட்டாள்.

*

மேலாளரின் அறையில் கதவை மூடினால் தறிச் சத்தம் சுத்தமாக நின்றுவிடும். அங்கேதான் எல்லாரும் கூடினார்கள். மேலாளர், கண்காணிப்பாளர், ஆலை மருத்துவர். வழக்கை விசாரித்த காவல் ஆய்வாளர். சுவரோரம் சமையல்காரம்மா. அவளுக்கு எதிர்ச்சுவரில் லாரிக்காரர், கைகளைக் கட்டிக்கொண்டு. முன்தினம் மருத்துவமனையில் அவருக்குப் பாதி சொல்லப்பட்டிருந்தது. மீதிப் பாதிக்காக அவர் இரவெல்லாம் விழித்திருந்தார்.

"சீக்கிரம் முடிங்க," என்றார் மேலாளர். "எனக்கு வேலை இருக்கு."

நிதானம் கொழுந்தனைப் பார்த்தார். அவர் கூடையை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். ஒரு கோழி தலையை நீட்டியது, எட்டிக் குதித்தது, மேலாளரின் வழுவழுப்பான மேசைமேல் நகம் கீறக் கீற நடந்துபோய் மைக்கூட்டைக் கொத்தியது.

"ஐயோ, என் கோழி!" என்றாள் கண்காணிப்பாளர். "கழுத்து நேராயிடுச்சே!"

"நேத்து இது கிடந்த கிடையை நீங்களேதான் எங்களுக்குக் காட்டினீங்க. அதே சோறுதான் போட்டோம். கூட, தம்பி கடையிலேருந்து பி-ஒன் மாத்திரையை நுணுக்கித் தண்ணியில கரைச்சு ஊத்தினோம். எழுந்துடுச்சு. இன்னொண்ணுக்குத் தவிட்டைக் கரைச்சு ஊத்தினோம். அதுவும் எழுந்துடுச்சு. இன்ஸ்பெக்டர் சார், விஷம் குடிச்ச கோழி தவிட்டைக் குடிச்சுப் பிழைக்குமா?"

ஆய்வாளர் மெல்ல, இல்லையென்று தலையை அசைத்தார்.

"நீங்க சோத்துல என்ன இருக்குன்னு சோதிச்சீங்க. தப்பில்ல. ஆனா விடுதியில தங்கினவங்களுக்கு மட்டும் நோய். வந்து போறவங்க இதே அண்டாவுல சாப்பிட்டும் நல்லா இருந்தாங்க, ஏன்னா மத்த வேளை வீட்டுல பருப்பு, பயறு, முட்டைன்னு ஏதோ ஒண்ணு. கடலைக்காரி இங்கயே கிடந்தும் நல்லா இருந்தா, ஏன்னா கடலை. வெளியே திரியற கோழிக்குப் புல்லும் புழுவும். யாருக்கு வேற ஏதாவது கிடைச்சுதோ அவங்க தப்பிச்சாங்க. அப்ப விஷத்தைத் தேடிப் பிரயோஜனம் இல்ல. இந்தச் சோத்துல எது இல்லைன்னு பாக்கணும். தம்பி, நீங்க சொல்லுங்க."

கொழுந்தன் தொண்டையைக் கனைத்தார். முதல்முறையாக அண்ணியின் வழக்கில் அவருக்குப் பேச இடம் கிடைத்திருந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

"நாம சாப்பிடற சோறு விறகு மாதிரிங்க. விறகு மட்டும் இருந்தா அடுப்பு எரியாது. பத்தவைக்க நெருப்பு வேணும். அந்த வேலையைச் செய்யறது பி-ஒன். துளியூண்டு போதும், ஆனா தினமும் வேணும். உடம்பு அதைச் சேத்து வெச்சுக்காது. அரிசியோட மேல்தோல்லதான் அது இருக்கு. நெல்லைப் புழுக்கினா கொஞ்சம் உள்ளே இறங்கிடும், அதனால புழுங்கல் அரிசியில மிஞ்சும். பச்சரிசியைப் பாலிஷ் போட்டா தவிட்டோட போயிடும். மிச்சம் இருக்கறது கழுவின தண்ணியிலயும் கஞ்சியிலயும் போயிடும். கட்டந்தேத்தண்ணி இன்னும் கொஞ்சத்தைக் கெடுக்கும். பருப்பு, முட்டை எதுவும் இல்லைன்னா முதல்ல நரம்பு வாடும், அப்புறம் இதயம் வீங்கும். உடம்பு முறியற வேலை செய்யறவங்களுக்கு இன்னும் சீக்கிரம். இந்த நேரத்துல குளுக்கோஸை நேரா ரத்தத்துல ஏத்தினா..."

அவர் லாரிக்காரரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சொல்லுங்க," என்றார் லாரிக்காரர்.

"...மிச்சம் இருக்கற பி-ஒன்னையும் அந்தச் சர்க்கரை இழுத்துக்கும். இதயம் நின்னுடும்."

அறையில் கோழியின் நகச்சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்றார் மேலாளர். அவருடைய நெற்றியில் வியர்வை இருந்தது, குரலில் இல்லை. "தெரியாம நடந்துபோச்சு. அரிசி போட்டோம்ல? பட்டினியாவா போட்டோம்? இதெல்லாம் சத்துக் குறைவு. குற்றமா?"

"தெரியாம நடந்திருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன்," என்றார் நிதானம். குரல் இன்னும் இறங்கியது. எல்லாரும் முன்னால் சாய்ந்துதான் கேட்கவேண்டியிருந்தது. "டாக்டர், விஷம்னு சந்தேகப்படறவர் கண்ணைப் பாப்பார், நாக்கைப் பாப்பார், என்ன வாந்தி எடுத்தான்னு கேப்பார். நீங்க இந்தம்மாவோட முட்டியில தட்டினீங்க. குத்த வெச்சு எழச் சொன்னீங்க. பி-ஒன் குறைஞ்சா வர்ற நோய்க்கான சோதனை அது. அதோட நிக்கல. சரியான ஊசியையும் போட்டீங்க. அவங்க எழுந்து நடந்தாங்க. ஆக, என்ன நோய்னு வாயாடி சாகறதுக்கு ரொம்ப முன்னாடியே உங்களுக்குத் தெரியும். மேனேஜரோட தங்கச்சிக்கு ஊசி. தறிக்காரிக்குப் பாட்டில். ஏன்?"

மருத்துவரின் மென்மையான முகம் சுருங்கியது. "நான் சொன்னேன். அவர்கிட்ட சொன்னேன்! பருப்பு போடணும், எல்லாருக்கும் ஊசி போடணும்னு சொன்னேன்."

"டாக்டர்!" என்றார் மேலாளர்.

"வெளிநாட்டுக்காரங்க ஆலையைப் பாக்க வர்றாங்க, அத்தனை பேருக்கு ஊசி போட்டா எதுக்குன்னு கேள்வி வரும், அவங்க போற வரைக்கும் ஏதாவது பாட்டிலை மாட்டிச் சமாளியுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் பொண்ணு செத்ததும் விஷம்னு சொல்லச் சொன்னதும் நீங்கதானே?"

"நீ சொன்னியே," என்றார் லாரிக்காரர். அதுவரை அவர் யாரிடமும் நேருக்கு நேர் ஒருமையில் பேசியதில்லை. "அவன் சொல்லச் சொன்னான். நீ சொன்னே. உன் வாயாலதானே சொன்னே?"

அவர் ஓரடி முன்னால் வைத்தார். ஆய்வாளர் குறுக்கே வந்தார்.

"இன்னும் ஒரு வார்த்தை மிச்சம் இருக்கு," என்றார் நிதானம். "இவங்க 'தின்னு சாவுடி'ன்னு கத்தினதை இந்த அறையிலேருந்து கேட்டதா ரெண்டு பேர் வாக்குமூலம். சார், கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்க. வெளியே அத்தனை தறியும் ஓடுது. இங்க ஏதாவது கேக்குதா?"

கேட்கவில்லை.

"அன்னிக்கு இவங்க சொன்னது 'தின்னா சாவுடி'. பக்கத்துல நின்ன கடலைக்காரியும் அதையேதான் நேத்து ஆஸ்பத்திரியில சொன்னா. தின்னு சாவுடின்னா சாபம். தின்னா சாவுடின்னா எச்சரிக்கை. ஒரு எழுத்தை மாத்தி ஒரு பொம்பளையைக் கொலைகாரி ஆக்கியிருக்கீங்க."

கண்காணிப்பாளர் திடீரென்று அழத் தொடங்கினாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க. அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு."

"அப்ப என் தங்கச்சி எதுக்கு இவங்க மேல தட்டை வீசினா?" என்றார் லாரிக்காரர். கேள்வி யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

பதில் சுவரோரமிருந்து வந்தது. சமையல்காரம்மா அன்று அந்த அறையில் பேசியது அப்போதுதான். "என் மேல வீசலப்பா. இந்தக் கண்ணாடி மேல வீசினா. முற்றத்துக்கு ஓடி, 'வெளிய வந்து நீ தின்னுடா இதை'ன்னு இவரைப் பாத்துக் கத்தினா. நான்தான் அவளைக் கட்டிப் பிடிச்சு இழுத்தேன், வேலை போயிடுமேன்னு. அவ கேக்கல. பருப்பு போடறவரைக்கும் தறியை நிறுத்துவோம்னு மத்த பொண்ணுங்ககிட்ட பேச ஆரம்பிச்சா. அப்புறம்தான் படுத்துட்டா."

லாரிக்காரர் மேலாளரைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்காமல் மேலாளர் ஆய்வாளரின் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார். அவர் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான் என்று கொழுந்தன் பிறகு சொன்னார்.

"வாங்க ரெண்டு பேரும்," என்றார் ஆய்வாளர், மேலாளரையும் மருத்துவரையும் பார்த்து. "பொய் வாக்குமூலத்துல ஆரம்பிப்போம். அப்புறம் அந்த மரணத்துக்கு வருவோம்." கண்காணிப்பாளரையும் வந்து புதிதாக வாக்குமூலம் தரச் சொன்னார். பிறகு சமையல்காரம்மாவின் முன் வந்து நின்று, தொப்பியைக் கையில் எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

*

மறுநாள் மதியம் சமையல்காரம்மா அரசு மருத்துவமனைக்கு வந்தாள். இரண்டு பெரிய தூக்குப் பாத்திரங்களில் புழுங்கல் அரிசிச் சோறு, கெட்டியான பருப்பு, ஒரு பயறுப் பொரியல். யாரும் அவளைக் கேட்கவில்லை. கடனுக்கு வாங்கிச் சமைத்திருந்தாள்.

பெண்கள் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு வீக்கம் வடிந்து காலில் எலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. அவள் தட்டுகளை வைத்துப் பரிமாறினாள். யாரும் கை வைக்கவில்லை. அவள் குற்றமற்றவள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவள் கைச் சோற்றைத் தின்ற காலத்து நோவு இன்னும் உடம்பில் இருந்தது. கை தட்டுக்குப் போகவில்லை.

சமையல்காரம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். சிறையில் அழாதவளின் உதடு அங்கே கோணியது.

"அண்ணி, ஏதாவது சொல்லுங்க," என்றார் வாசலில் நின்ற கொழுந்தன். நிதானத்தின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன.

வராந்தாவில் இருந்த லாரிக்காரர் உள்ளே வந்தார். ஒரு தட்டை எடுத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சோற்றைப் பருப்போடு பிசைந்து பெரிய கவளமாக வாயில் போட்டார். மென்றார். தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அது துக்கம் என்று யாரும் நினைக்கவில்லை. அவ்வளவு கோபத்தோடு ஒரு மனிதன் சாப்பிட்டு அவர்கள் பார்த்ததில்லை.

தட்டு காலியானதும் நீட்டினார்.

"இன்னும் போடுங்கக்கா."

அவள் போட்டாள்.

பிறகு அவர் கட்டில்களைப் பார்த்துத் திரும்பினார். "என்ன பாக்கறீங்க? எடுத்துச் சாப்பிடுங்க. கோர்ட்டுல அவனுங்க பெரிய வக்கீலா வெச்சுக் கேள்வி கேப்பானுங்க. நாள் முழுக்க நிக்கவெச்சுக் கேப்பானுங்க. கால்ல தெம்பு இல்லாம எப்படி நின்னு பதில் சொல்லுவீங்க?"

முதல் தட்டைக் கடலைக்காரி இழுத்துக்கொண்டாள். பிறகு ஒருத்தி. பிறகு எல்லாரும்.